ஏற்காடு ஏற ஒரு கேம்பிங் டிரெய்லர்: வாங்கும் முன் குனிந்து பாருங்கள்

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் சின்ன கேம்பிங் டிரெய்லர் ஒன்றைப் பார்க்கப் போனபோது நான் முதலில் கதவைத் திறந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தேன். கூட வந்த மாமா சங்ககிரிப் பக்கம் பல வருடம் லாரி ஓட்டியவர். "மெத்தை எங்கயும் போயிடாது கண்ணு, மொதல்ல கீழ குனிஞ்சு பாரு" என்றார். குனிந்தால், அச்சுக்குப் பக்கத்தில் வெல்டிங் விட்ட இடத்தில் துரு பெயிண்டை உரித்துக்கொண்டு வந்திருந்தது. அன்றிலிருந்து நான் பார்க்கும் வரிசையே மாறிவிட்டது. அந்த வரிசையில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கார்

காரின் கையேட்டில் எத்தனை கிலோ இழுக்கலாம் என்று பாருங்கள். பிரேக் உள்ள டிரெய்லருக்கு ஓர் அளவும், இல்லாததற்கு அதைவிடக் குறைந்த அளவும் இருக்கும். எதுவுமே போடவில்லை என்றால் அந்தக் காரில் மாட்ட வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரம், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜின் ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறக்குறைய பத்து சதவீத சக்தியை இழக்கும். அதனால் கையேட்டு அளவில் முக்கால் பங்குக்கு மேல் நான் போக மாட்டேன்.

எடை மேடைக்குப் போங்கள்

டிரெய்லரில் உள்ள தகட்டில் காலி எடையும் அதிகபட்ச எடையும் இருக்கும். காலி எடை 520 கிலோ, அதிகபட்சம் 750 கிலோ என்றால் நீங்கள் ஏற்றக்கூடியது 230 கிலோதான். 60 லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலே 60 கிலோ போய்விடும். அடுப்பு, சிலிண்டர், பாத்திரம், கூடாரம் எல்லாம் மீதிக்குள் அடங்க வேண்டும். தகட்டை மட்டும் நம்பாதீர்கள். லாரிகள் எடை போடும் மேடைக்குச் சேலத்தில் பஞ்சமே இல்லை. டிரெய்லரைக் கழற்றி நிறுத்தி எடை போட்டு, சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்புறம் மூக்கு எடை, அதாவது கொக்கியின் மேல் விழும் பாரம். சாமான் ஏற்றிய டிரெய்லரைச் சமதளத்தில் நிறுத்தி, வீட்டில் எடை பார்க்கும் மெஷினைக் கொக்கிக்கு அடியில் மரக்கட்டை முட்டுக்கொடுத்து வைத்தால் தெரிந்துவிடும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் என்பது பலர் பின்பற்றும் கணக்கு; 700 கிலோவுக்கு 70 முதல் 105. கார் தாங்கும் அளவையும் அது தாண்டக் கூடாது. குறைந்தால் டிரெய்லர் வால் ஆட்டும். கூடினால் காரின் பின்பக்கம் அமுங்கி, முன் சக்கரங்களின் பிடி தளரும்.

பிரேக்

இங்கேதான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாத டிரெய்லரை இழுக்க அனுமதி உண்டு. ஆனால் சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதை விட இறங்குவதுதான் சோதனை. பிரேக் இல்லாத டிரெய்லரை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இரண்டு வகை பார்ப்பீர்கள். ஓவர்ரன் பிரேக்கில், கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலே கேபிளை இழுத்துப் பிரேக் போடும். எளிமையானது, பட்டறையில் சரிசெய்துவிடலாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் தள்ளல் நிற்காது, பிரேக்கும் விடாமல் உரசிச் சூடாகும். எலக்ட்ரிக் பிரேக்கில் காருக்குள் ஒரு கன்ட்ரோலர் இருக்கும், டிரெய்லருக்கு மட்டும் தனியாகவும் பிரேக் போடலாம். கட்டுப்படியானால் மலைக்கு இதுதான் என் தேர்வு. எதுவானாலும் குறைந்த கியரில்தான் இறங்க வேண்டும். கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் போடும் கம்பியும், குறுக்காக மாட்டும் இரண்டு சங்கிலிகளும் இல்லாத டிரெய்லரை நான் விலை கேட்கவே மாட்டேன்.

நீளமும் முக்கியம். வளைவில் டிரெய்லர் சக்கரம் காரின் தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். டிரெய்லர் நீள நீள, எதிரில் பஸ் வரும்போது திண்டாட்டம்தான்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஆறு வருடம் தாண்டியிருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றும் செலவைப் பேரத்தில் கழியுங்கள். ஸ்டெப்னி கட்டாயம் வேண்டும். அடிச்சட்டம் பெயிண்ட் மட்டும் அடித்ததாக இல்லாமல், கால்வனைஸ் செய்ததாக, அதாவது துரு பிடிக்காமல் துத்தநாகம் பூசியதாக இருந்தால் நல்லது.

மேல்கூடு

ஏற்காட்டு மழைக்கும் பனிக்கும் மேல்கூட்டின் இணைப்புகள்தான் முதலில் தோற்கும். ஹோஸ் பைப்பால் கூரை, ஜன்னல் ஓரங்களில் கால் மணி நேரம் தண்ணீர் விடுங்கள். உள்ளே மூலைகளைக் காலால் அழுத்துங்கள். தரை மெத்தென்று அமுங்கினால் பலகை ஊறிப்போயிருக்கிறது. பூஞ்சை வாடை அடித்தாலும் அதே கதைதான். கூரையிலும் தரை ஓரத்திலும் காற்றுத் துவாரம் இருக்கிறதா பாருங்கள். கேஸ் காற்றை விடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தங்கும். குளிருக்காக உள்ளே அடுப்போ கரிச்சட்டியோ மூட்டவே கூடாது.

சமையலும் கரண்டும்

பின்கதவைத் தூக்கினால் அடுப்படி வரும் மாடல் நமக்குப் பொருந்தும். தாளிப்புப் புகை வெளியே போய்விடும், கதவே மழைக்குக் கூரையாகும். உங்கள் தோசைக்கல்லையும் குக்கரையும் எடுத்துப்போய் வைத்துப் பாருங்கள்.

12 வோல்ட் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் 1,200 வாட்-ஹவர் இருக்கும். லெட்-ஆசிட் என்றால் பாதிதான் எடுக்கலாம், லித்தியம் என்றால் பெரும்பகுதி கிடைக்கும். மேகம் மூடிய மலையில் சோலாரை மட்டும் நம்பாதீர்கள். ஓடும்போது காரிலிருந்து சார்ஜ் ஏறும் வசதி கேளுங்கள்.

ஆர்.சி., பிறகு ஓட்டம்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 61ஆவது பிரிவின்படி டிரெய்லருக்கும் பதிவு வேண்டும். இழுக்கும் காரின் எண்ணும் பின்னால் தெரிய வேண்டும். ஆர்.சி.யைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக, சாமான் ஏற்றி ஓட்டிப் பாருங்கள். முதலில் காலி மைதானத்தில் ரிவர்ஸ் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்தால், கை போகும் பக்கமே டிரெய்லரின் பின்பக்கமும் போகும். பிறகு விற்பவரையும் ஏற்றிக்கொண்டு, அடிவாரம் தாண்டிச் சில வளைவுகள் ஏறி இறங்குங்கள். கீழே வந்ததும் அகலமான இடத்தில் நிறுத்தி, இரண்டு சக்கரங்களின் ஹப்புக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். இரண்டிலும் ஒரே அளவு சூடு இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அனலாகக் கொதித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கலாம், பேரிங் போயிருக்கலாம். அதைச் சரிசெய்து மறுபடி ஓட்டிக்காட்டிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.