பழைய லாரிக்குப் புது மீட்டர்கள்

பழைய லாரி என்றால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்: 12 வோல்ட்டா, 24 வோல்ட்டா? மீட்டரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும். நெகட்டிவ் கேபிளைக் கழற்றிய பிறகே வேலை. மீட்டர்கள் உட்கார 2 மி.மீ. அலுமினியத் தகட்டில் 52 மி.மீ. துளையிட்டு, ஓரத்தை அரத்தால் ராவுங்கள். ஸ்டீயரிங் மறைக்காத இடம் ஆயில் பிரஷர் மீட்டருக்கு. கடிகாரம் எங்கே இருந்தால் என்ன!

இன்ஜினில் பூட்டும் சென்சாரை மீட்டரோடு சேர்த்தே வாங்குங்கள். 10–180 ஓம் மின்தடை சென்சாருக்கான மீட்டருக்கு வேறு சென்சார் பூட்டினால் முள் பொய் சொல்லும். ஒற்றை வயர் சென்சாருக்கு இன்ஜின் உடம்பே எர்த், அதாவது மின்சாரம் திரும்பும் வழி. சென்சாரின் மரை முழுக்கக் கசிவு தடுக்கும் டெஃப்லான் டேப் சுற்றினால் அந்தத் தொடர்பு கெடும். அந்த டேப்பைக் கண்டாலே எனக்கு ஆகாது. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் லைனிலிருந்து 3 ஆம்பியர் ஃபியூஸ் வழியே மின்சாரம்; பார்க்கிங் லைட்டிலிருந்து மீட்டர் விளக்குக்கு வயர். இன்ஜினை ஓடவிட்டுக் கசிவு பார்த்த பிறகு தகட்டைத் திருகுங்கள்.