சேலம் ஏறியது, ஏற்காடு ஏறவில்லை

ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட். மலை மேல் எடைக் கணக்கு லினக்ஸில், மைஎஸ்கியூஎல். கீழே சேலம் ஆபீஸில் சம்பளக் கணக்கு விண்டோஸில், எஸ்கியூஎல் சர்வர். ஏற்றுமதிக் கணக்கு மட்டும் பழைய ஆரக்கிள். மூன்றும் மூன்று வகை டேட்டாபேஸ். அவற்றை ஒன்றோடொன்று பேச வைக்கச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். டேட்டாபேஸை வெளியிலிருந்து இணைக்கும் ஓடிபிசி டிரைவரைப் போட்டு டெஸ்ட் பட்டனை அழுத்தினேன். ‘சக்சஸ்’ என்று வந்ததும் டீ குடிக்கப் போய்விட்டேன். மறுநாள் ஆபீஸ் பையனிடமிருந்து போன்: “ணா, சேலம் எல்லாம் ஏறிடுச்சு. ஏற்காடுதான் ஏற மாட்டேங்குது.”

சிரித்தேன். காரணத்தைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆரக்கிளில் ஊர்ப் பெயருக்கு வார்சார்2(20), அதாவது 20 அளவுள்ள எழுத்து வகை, என்று வைத்திருந்தோம். 20 எழுத்து தாராளம் என்று நினைப்பு. தனியாகச் சொல்லாவிட்டால் ஆரக்கிள் அதை 20 பைட் என்றே எடுத்துக்கொள்ளும். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக்கு 3 பைட். புள்ளி, துணைக்கால், கொம்பு எல்லாவற்றுக்கும் தனித்தனியே இன்னொரு 3. ‘சேலம்’ 5 குறி, 15 பைட். ‘ஏற்காடு’ 7 குறி, 21 பைட். ஒரே ஒரு பைட்டில் மாட்டிக்கொண்டது. நாகலூரும் அதே 21தான். பைட் அல்ல, எழுத்துக் குறி என்று புரியும்படி ‘20 சார்’ என்று குறிப்பிட்டு எழுதியதும் சரியானது. நான் செய்த தப்பு, ‘சேலம்’ என்று மட்டும் போட்டுச் சோதித்தது.

எஸ்கியூஎல் சர்வரில் இதே தமிழ் வேறு மாதிரி சொதப்பும். வார்சாரில் போட்டாலோ, மேற்கோளுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ (N) எழுத்தைப் போட மறந்தாலோ, பிழைச் செய்தி எதுவும் வராது. பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். எரர் கொடுக்கும் ஆரக்கிளே தேவலாம்.

அடுத்தது இனிஷியல். தொழிலாளர் பட்டியல் சேலத்திலிருந்து ஆரக்கிளுக்குப் போய், திருத்தங்களோடு திரும்பி வரும். இனிஷியல் இல்லாதவருக்கு நாம் அனுப்புவது காலி எழுத்து. ஆரக்கிளுக்கோ காலி எழுத்தும் ‘நல்’லும் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) ஒன்றுதான். திரும்பும்போது நல்லாகவே வருகிறது. எஸ்கியூஎல் சர்வரில் நல்லோடு கூட்டல் குறி போட்டு எதைச் சேர்த்தாலும் நல். இனிஷியலையும் பெயரையும் கூட்டி அச்சடித்த சம்பளச் சீட்டில் சிலருக்குப் பெயரே இல்லை, தொகை மட்டும். பேர் இல்லாத சீட்டுக்கு யாரிடம் கையெழுத்து வாங்குவது?

தேதியும் அப்படித்தான். மலை மேல் இருந்த சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடியது; நமக்கும் அதற்கும் ஐந்தரை மணி நேரம் வித்தியாசம். விடிகாலை 5 மணிக்கு இறங்கிய லாரி முந்தைய நாள் கணக்கில் போய் உட்கார்ந்தது. போதாததற்கு ஆரக்கிளின் ‘டேட்’ வகைக்குள் மணி, நிமிடம், நொடியும் உண்டு. தேதியை மட்டும் வைத்து ஒப்பிட்டால் பாதி வரிசை கிடைக்காது.

டிரைவரைப் பற்றி ஒரு வார்த்தை. 32 பிட் புரோகிராமுக்கு 64 பிட் டிஎஸ்என் (ஓடிபிசி இணைப்பின் விவரங்களைச் சேமித்த பெயர்) ஒத்துவராது. 64 பிட் விண்டோஸில் சிஸ்டம்32 ஃபோல்டருக்குள் இருக்கும் ஓடிபிசி நிர்வாகிதான் 64 பிட். பெயரில் 64 உள்ள ஃபோல்டரில் இருப்பது 32 பிட். யார் வைத்த பெயரோ! லினக்ஸில் மைஎஸ்கியூஎல் டேபிள் பெயருக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும், விண்டோஸில் பார்க்காது. அதையும் நினைவில் வையுங்கள்.

எஸ்கியூஎல் சர்வருக்குள்ளிருந்தே வேறு டேட்டாபேஸைத் தொடும் ‘லிங்க்டு சர்வர்’ வசதி கிடைத்ததும் எல்லோரும் இரண்டு ஊர் டேபிளையும் நேரடியாக ஜாயின் போட்டு, அதாவது ஒன்றாக இணைத்து, பார்ப்பார்கள். நிபந்தனை எதிர்ப்பக்கம் போகாவிட்டால், பத்து வரிசைக்காக மொத்த டேபிளும் இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டி இறங்கி வரும். மழை நாளில் லைன் போனால் அதுவும் இல்லை. கேள்வியை அப்படியே எதிர்ப்பக்கம் அனுப்பும் ‘ஓப்பன்கொயரி’ போட்டால் வடிகட்டும் வேலை அங்கேயே முடியும். என்னைக் கேட்டால், சம்பளம் மாதிரி வேலைக்கு நேரடி இணைப்பே வேண்டாம். ராத்திரி ஒரு நகல் எடுத்தால் போதும்.

இப்போது அப்படித்தான் ஓடுகிறது. காலையில் வரிசை எண்ணிக்கையோடு மொத்தக் கிலோவையும் இரண்டு பக்கமும் ஒப்பிடுகிறோம். முதல் நாளே எண்ணிக்கை சரியாக இருந்தது, கிலோ இடித்தது. எஸ்கியூஎல் சர்வரில் எடைக்கு வெறும் ‘டெசிமல்’ என்று எழுதி விட்டிருந்தேன். புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம் என்று சொல்லாவிட்டால் அது பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். 48.5 கிலோ பறித்த அக்காவுக்கு 49 கிலோவுக்குக் கூலி போட்டிருந்தது. அவர் புகார் சொல்லவில்லை. 48.4 பறித்தவர் சொன்னார்.