டார்க் ரெஞ்ச்: சின்னதை வாங்குங்கள், பெரியதை இரவல் கேளுங்கள்

வீட்டில் பைக் வேலையும் பார்த்து, கொல்லையில் ஆயில் இன்ஜின் ஹெட்டையும் (சிலிண்டரின் மேல்மூடி) இறக்கி ஏற்றுகிறவருக்கு ஒரே டார்க் ரெஞ்ச் (போல்டைக் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்கும் கருவி) போதாது. வைத்த அளவு வந்ததும் சத்தம் போடும் கிளிக் டைப் ரெஞ்ச் எதுவானாலும் அதன் உச்ச அளவில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே போனால் நம்ப முடியாது. 210 நியூட்டன் மீட்டர் (என்எம், முறுக்கின் அளவு) வரை போகும், சதுர முனை அரை இன்ச் உள்ள ரெஞ்சை வைத்துக்கொண்டு 10 என்எம் கேட்கும் போல்டை முறுக்கினால், கிளிக் சத்தம் வருவதற்குள் போல்ட் முறிந்துவிடும்.

காசு போட்டு வாங்க வேண்டியது முக்கால் அங்குலமோ அரை அங்குலமோ அல்ல. 3/8 இன்ச், 10 முதல் 50 என்எம் வரையிலான கிளிக் டைப். பைக்கில் மரை போவதெல்லாம் அலுமினியத்தில் இறங்கும் சின்ன போல்டுகளில்தான். மேனுவலில் தனியாகக் குறிப்பிடாத 6 எம்எம் போல்டுக்குச் சுமார் 10, 8 எம்எம் போல்டுக்குச் சுமார் 22 என்எம் போதும். பத்தாம் நம்பர் ஸ்பேனரைக் கையால் அழுத்துகிறவர்கள் இதைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறார்கள்.

பெரிய ரெஞ்ச் ஹெட் வேலைக்கு மட்டும்தான்; சில வருஷத்துக்கு ஒருமுறை. டிராக்டர் பட்டறையில் இரவல் கேட்கலாம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கிவிட்டால் எந்த மெக்கானிக்கும் கையிலிருப்பதைத் தரமாட்டார், அதனால் சித்திரையிலேயே வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

இரவல் ரெஞ்சைச் சோதிக்காமல் பூட்டாதீர்கள். அதன் சதுர முனையை வைஸில் பிடித்து, கைப்பிடி படுக்கைவாட்டில் இருக்கட்டும். முனையின் நடுவிலிருந்து 40 செ.மீ. தள்ளி, கைப்பிடியில் கயிறு கட்டுங்கள். தண்ணீர் ஊற்றிய வாளியை மளிகைக்கடைத் தராசில் வைத்து, மொத்தம் 12.5 கிலோவாக்கித் தொங்கவிடுங்கள். கணக்குப்படி 49 என்எம். ரெஞ்சின் சொந்த எடையும் சேர்ந்து 51, 52 ஆகும். 46-இல் வைத்து வாளியை மெதுவாக விட்டால் கிளிக் ஆக வேண்டும். 58-இல் வைத்தால் ஆகக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பட்டறை ரெஞ்ச் பலவற்றை போல்ட் கழற்றவும் பயன்படுத்தியிருப்பார்கள், அதிலும் அளவு தவறிப்போகும்.

பழைய மேனுவலில் அளவு கிலோகிராம் மீட்டரில் இருக்கும். அதை 9.8-ஆல் பெருக்குங்கள். ரெஞ்ச் குழாயில் ஒரு பக்கம் என்எம், மறுபக்கம் அடி பவுண்டு என்று இரண்டு கோடு போட்டிருக்கும். என்எம் அளவை அடி பவுண்டு பக்கத்தில் வைத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக இறுகி ஸ்டட் (ஹெட்டைப் பிடிக்கும் மரைக்கம்பி) நீண்டுவிடும்.

ஹெட் பூட்டும்போது மரையைக் கம்பி பிரஷால் தேய்த்து, துளைக்குள் தேங்கிய ஆயிலைத் துணியால் எடுத்துவிடுங்கள். தேங்கிய ஆயில் போல்டை அடிவரை இறங்க விடாது, சில சமயம் பிளாக்கே விரிசல் விடும். மரைக்கு ஆயில் தடவச் சொல்லியிருக்கிறதா, இல்லையா என்பதை மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். உலர் மரைக்குச் சொன்ன அளவை ஆயில் தடவிய மரையில் வைத்தால் பிடி கூடிவிடும்.

நடு நட்டில் தொடங்கி எதிரெதிராக வெளியே போங்கள். முடிவு அளவு 60 என்றால் 20, 40, 60 என மூன்று சுற்று; பெரிய ரெஞ்சின் அளவுக்குக் கீழே வரும் சுற்றுகளைச் சின்னதில் பாருங்கள். மெதுவாக இழுத்து, முதல் கிளிக்கிலேயே நிறுத்துங்கள். உறுதிக்காக இன்னொரு கிளிக் வேண்டாம், அது கூடுதல் முறுக்குத்தான். இன்ஜின் ஓடிச் சூடாறிய பின் மறுபடி இறுக்கச் சொல்லியிருந்தால், இறுக்கியதும் வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் நடுவே உள்ள டேப்பட் இடைவெளியையும் புதிதாக வைக்க வேண்டும். ஹெட் கீழே உட்காரும்போது அந்த இடைவெளி குறைந்துபோகும்.

வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்குங்கள், அதற்கும் கீழே போக வேண்டாம். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஒரே மழைக்காலத்தில் துரு ஏறும்; ஆயில் துணியால் துடைத்தே பட்டறைக்குத் திருப்பிக் கொடுங்கள், அடுத்த தடவையும் கேட்க வேண்டியிருக்கும்.