டர்பன் ஈரக்காற்றில் ஆயில் பெயின்டிங்: பலகையும் துணியும் தயார் செய்யும் முறை

ஆயில் பெயின்ட்டின் உயிர் ஆளிவிதை எண்ணெய். அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. அப்போது உண்டாகும் அமிலங்கள் வெறும் துணியில் இறங்கினால், சில வருடங்களில் நூலிழை மக்கி நொறுங்கும். அதனால் எண்ணெய்க்கும் துணிக்கும் நடுவே ஒரு தடுப்பு வேண்டும். தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நிற்கும் ஈரக்காற்று. புதிதாகத் தொடங்குபவர்கள் கான்வாஸை விட்டுவிட்டு ஹார்ட்போர்டில் (மரநாரை அழுத்திச் செய்த மெல்லிய பலகை) ஆரம்பிப்பதே நல்லது. விலை குறைவு, துணிபோலத் தொய்வதும் இல்லை.

வாங்க வேண்டியது 3 மி.மீ. தடிமனுள்ள ஹார்ட்போர்டு. 2440 × 1220 மி.மீ. முழுப்பலகையை 30 × 40 செ.மீ. அளவில் அறுத்தால் 24 துண்டு கிடைக்கும். ஹார்டுவேர் கடையிலேயே அறுத்துத் தரச் சொல்லுங்கள். சூப்பாவுட் (எம்.டி.எஃப். பலகை) வேண்டாம், அதன் ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டிபோல் உப்பிவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை.

1. வழவழப்பான பக்கத்தை 180 நம்பர் உப்புத்தாளால் வட்டவட்டமாகத் தேயுங்கள். பளபளப்பு முழுக்கப் போக வேண்டும். ஓரங்களின் கூர்மையையும் மழுக்குங்கள். கூரிய விளிம்பில் பூச்சு நிற்காது.

2. தூசியைத் துடைத்து, மெத்திலேட்டட் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். கைவிரல் எண்ணெய் பட்ட இடத்தில் பூச்சு ஒதுங்கிக்கொள்ளும்.

3. அக்ரிலிக் கிளாஸ் மீடியம் (நிறமில்லாத, பளபளப்பான பூச்சு) 2 கை பூசுங்கள். முன்பக்கம், பின்பக்கம், நான்கு ஓரம், எல்லாவற்றுக்கும். பலரும் தவிர்ப்பது இந்தப் படியைத்தான், கெடுவதும் இங்கேதான். நேராகக் கெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) பூசினால், அதிலுள்ள தண்ணீர் பலகைக்குள் இருக்கும் பழுப்புச் சாயத்தை மேலே இழுத்து வந்து வெள்ளையை மஞ்சளாக்கும். பின்பக்கத்தை விட்டுவிட்டால் ஒரு பக்கம் மட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பலகை வளையும்.

4. நன்றாகக் காய்ந்ததும் 220 நம்பர் தாளால் மெதுவாக ஒரு தேய்ப்பு. பிறகு அக்ரிலிக் கெஸ்ஸோ 3 கை. 10 பங்கு கெஸ்ஸோவுக்கு 1 பங்கு தண்ணீர் போதும். தண்ணீர் கூடினால் பிடிப்புக் குறையும், ஊசித்துளைகளும் விழும். முதல் கை நெடுக்கில் என்றால் அடுத்தது குறுக்கில். ஒவ்வொரு கைக்கும் நடுவே 220 தாள்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே தண்ணீர் இன்னும் இருக்கிறது. ஜூலையில் ஒரு மணி நேரத்தில் காய்வது ஜனவரியில் அரை நாள் எடுக்கலாம். கடைசிக் கைக்குப் பிறகு 3 நாள் விட்டுத்தான் ஆயில் பெயின்ட். 45 செ.மீ.க்கு மேல் பெரிய பலகையென்றால் பின்னால் மரச்சட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். நம் ஊர் பெயின்ட் கடையில் ‘பிவிஏ’ என்று கேட்டால் சுவர் பெயின்ட்டைத் தருவார்கள். ஓவியக்காரர்கள் சொல்லும் பிவிஏ ஒரு பசை. கெஸ்ஸோ விலை அதிகமென்று சுவர் பெயின்ட்டை அடிக்காதீர்கள். அது ஆயில் பெயின்ட்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல, நாளடைவில் வண்ணத்தோடு சேர்ந்து உரியலாம்.

கான்வாஸ் வேண்டுமென்றால், சட்டத்தைவிட ஒவ்வொரு பக்கமும் 5 செ.மீ. கூடுதலாகத் துணி வெட்டுங்கள். சட்டத்தின் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். நான்கு பக்கத்தின் நடுவிலும் ஒவ்வொரு ஸ்டேப்பிள் அடித்து, நடுவிலிருந்து மூலையை நோக்கிப் போங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் சுருக்கம் விழும். பிறகு ஓவியத்துக்கென விற்கும் அமிலமற்ற பிவிஏ பசை 2 கை, அதன்மேல் கெஸ்ஸோ 3 கை. பழைய முறையான முயல்தோல் பசையை டர்பனில் நாங்கள் பரிந்துரைப்பதில்லை. ஈரக்காற்றில் அது தண்ணீரை உறிஞ்சி இளகும், பூஞ்சையும் பிடிக்கும். ஜோகன்னஸ்பர்க்கின் குளிர்கால வறட்சியிலோ இறுகிச் சுருங்கி மேலுள்ள வண்ணத்தை வெடிக்க வைக்கும். இரண்டு ஊருக்கும் போய்வரும் படத்துக்கு இது பெரிய ஆபத்து.

பயிற்சிக்குத் தாளும் நல்ல தளம்தான். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) பருத்தித் தாளைப் பலகையில் டேப்பால் ஒட்டி, கெஸ்ஸோ 2 கை பூசினால் போதும்.

வண்ணம் தொடும் முன் ஒரு சோதனை. ஓரத்தில் துளி பெயின்ட்டைத் தேய்த்துப் பத்து நிமிடம் விடுங்கள். உடனே மங்கிச் சுண்ணாம்புபோல் ஆனால் தளம் எண்ணெயை அதிகமாகக் குடிக்கிறது; இன்னொரு கை மெல்லிய மீடியம் பூசுங்கள். தூரிகை வழுக்கிக்கொண்டு போய் வண்ணம் ஒட்டவில்லையென்றால் அளவுக்கு மீறித் தேய்த்துவிட்டீர்கள். 220 தாளால் லேசாகக் கீறிவிட்டு ஒரு கை கெஸ்ஸோ. ஹார்ட்போர்டில் முதல் அடுக்கைக் கொஞ்சம் டர்பன்டைன் சேர்த்து மெல்லியதாகப் போடுங்கள். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். கீழே எண்ணெய் கூடியதும் மேலே குறைந்ததுமாக வைத்தால், மேல் அடுக்கு முந்திக் காய்ந்து, அடியில் இன்னும் அசையும் அடுக்கின் மேல் விரிசல் விடும்.

தயாரான பலகைகளைச் சுவரோடு ஒட்டி வைக்காமல், இரண்டு குச்சிகளின் மேல் காற்றோட்டம் விட்டு நிறுத்துங்கள். கடற்கரை வீட்டுச் சுவர் பூஞ்சைக்குப் பிடித்த இடம்.