எம்பி3 துண்டை அமிகா 500-இல் ஒலிக்க வைப்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், முழுப் பாட்டு நடக்காது. 1987-இல் வந்த வீட்டுக் கணினியான அமிகா 500-க்கு எம்பி3-ஐ ஓடஓட விரித்து வாசிக்கும் வேகம் கிடையாது. விரித்த ஒலியாகவே கொடுக்கலாமென்றால், நாம் எடுக்கப்போகும் தரத்தில் மூன்று நிமிடப் பாட்டு கிட்டத்தட்ட 3 எம்பி வரும். அமிகா ஃபிளாப்பியில் இருப்பதோ 880 கேபி. அதனால் மூன்றரை விநாடித் துண்டு ஒன்றை வெட்டி, அமிகாவின் இசையமைப்பு மென்பொருளான புரோடிராக்கரில் ஏற்றி வாசிப்போம்.

படி 1: வெட்டுதல்

கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டரில் எம்பி3-ஐத் திறந்து, பிடித்த மூன்றரை விநாடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்குங்கள். டிராக்ஸ் மெனுவில் மிக்ஸ் வழியாக மோனோ ஆக்குங்கள். பிறகு நார்மலைஸ் போட்டு, உச்சத்தை மைனஸ் 1 டெசிபெலுக்குக் கொண்டுவாருங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். அமிகா வாசிப்பது 8 பிட் ஒலி; அதில் இருப்பது 256 படிகள்தான். சன்னமாகப் பதிந்த ஒலி அதில் பத்திருபது படிகளுக்குள் சுருண்டு, கரகரவென்று கேட்கும்.

படி 2: வேகம் 16574

துண்டின் சாம்பிள் வேகத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை ஒலி அளவுகள் என்பதை, 16574 ஆக மாற்றுங்கள். இந்த விசித்திர எண்ணுக்குக் காரணம் உண்டு. அமிகாவின் ஒலிச் சிப் பவுலா. ஐரோப்பிய டிவி முறையான PAL-க்கு வந்த மாடல்களில் அது விநாடிக்கு 35,46,895 துடிப்புகளை ஓர் எண்ணால் வகுத்து வாசிப்பு வேகத்தை முடிவு செய்கிறது. புரோடிராக்கரில் சி-3 சுரத்துக்கு அந்த எண் 214. வகுத்துப் பாருங்கள், 16,574 வரும். இந்த வேகத்தில் மாற்றிய துண்டு சி-3-ஐ அழுத்தினால் அசல் வேகத்திலேயே ஓடும்.

துண்டின் அளவு சுமார் 58,000 பைட். புரோடிராக்கர் ஒரு சாம்பிளுக்கு (ஏற்றும் ஒலித் துண்டுக்கு) ஏற்பது 65,534 பைட் வரைதான். மூன்றரை விநாடிக் கணக்கு அதனால்தான். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஹை-ஹாட் தாளத்தட்டுச் சலசலப்பெல்லாம் போய்விடும். எனக்கு அந்த மந்தமான சத்தம்தான் பிடித்திருக்கிறது.

படி 3: ஏற்றுமதி

'பிற அழுத்தப்படாத கோப்புகள்' வகையில், ஹெடராக அமிகாவின் கோப்பு வகையான ஐஎஃப்எஃப், என்கோடிங்காக சைன்டு 8-பிட் பிசிஎம். பெயர் சிறியதாக, இடைவெளி இல்லாமல் இருக்கட்டும்.

'சைன்டு' (மைனஸ் எண்களும் உண்டு) என்ற சொல்லில் கவனம். முதல் தடவை நான் 8 பிட் வேவ் கோப்பின் தரவை அப்படியே ஏற்றினேன். வேவில் மௌனம் என்பது 128. பவுலாவுக்கு மௌனம் 0. நடு இரவில் ஹெட்ஃபோனில் பிய்த்துக்கொண்டு வந்த இரைச்சலில் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன்.

படி 4: ஃபிளாப்பிக்கு

கணினியில் அமிகாவைப் போல இயங்கும் வின்யுஏஇ எமுலேட்டரில் வெற்று ஏடிஎஃப் வட்டு (ஃபிளாப்பியின் நகல் கோப்பு) உருவாக்கி, அமிகாவின் திரைமுகப்பான வொர்க்பெஞ்சில் ஃபார்மேட் செய்யுங்கள். கோப்பு இருக்கும் கணினி ஃபோல்டரை எமுலேட்டரில் ஹார்ட் டிஸ்க்காக இணைத்து, அங்கிருந்து காப்பி செய்யுங்கள். வொர்க்பெஞ்ச் 1.3-இல் ஐகான் இல்லாத கோப்பு கண்ணிலேயே படாது. காணோமே என்று பதறாமல் கட்டளை தட்டும் சாளரமான ஷெல்லில் காப்பி கட்டளை கொடுங்கள். நிஜ இயந்திரம் என்றால், ஃபிளாப்பி டிரைவுக்குப் பதிலாக, ஃபிளாஷ்ஃபிளாப்பி ஃபர்ம்வேர் ஏற்றிய கோடெக் (Gotek) எமுலேட்டர் பொருத்தி, ஏடிஎஃப்-ஐ பென்டிரைவில் போட்டால் போதும்.

படி 5: வாசித்தல்

புரோடிராக்கரில் டிஸ்க் ஆப் (Disk Op.) திரையைத் திறந்து, பாதையை உங்கள் டிரைவுக்கு மாற்றி, சாம்பிளை ஏற்றுங்கள். எஃப்2 அழுத்திவிட்டு க்யூ விசையைத் தட்டினால் சி-3.

ஒலி மூக்கடைத்தாற்போல் வந்தால் பவர் விளக்கைப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால், உச்ச ஒலிகளை மழுக்கும் ஃபில்டர் ஓடுகிறது. பேட்டர்னில் (சுரங்களை எழுதும் கட்டத்தில்) E01 கட்டளை கொடுத்தால் விளக்கு மங்கும், ஒலி திறக்கும். ஒரு காதில் மட்டும் கேட்கிறதா? கேபிளைக் குறை சொல்ல வேண்டாம். நான்கு சேனல்களில் 1, 4 இடப்பக்கம்; 2, 3 வலப்பக்கம். அதே சுரத்தை 1-லும் 2-லும் எழுதினால் இரண்டு காதிலும் வந்துவிடும்.