கோவாப் பாத்திக்கு வாசனை எண்ணெய் அடிக்கும் முன்

கறுவா இலை எண்ணெயும் கராம்பு எண்ணெயும் பூச்சியைக் கொல்லும். இரண்டிலும் யூஜினோல் என்ற வேதிப்பொருள் நிறைய உண்டு. அது பூச்சியின் நரம்பைத் தாக்கும். ஆனால் கராம்பு எண்ணெயில் செய்த களைக்கொல்லிகளும் விற்பனையில் இருக்கின்றன. ‘இயற்கை மருந்துதானே, கொஞ்சம் கூட ஊற்றினால் என்ன’ என்று நினைத்தால் கோவாக் கன்றே கருகிவிடும். லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி வைத்திருப்பவருக்கு அது சின்ன நட்டமில்லை.

பெரிய தவறு, எண்ணெயை நேரே மருந்தடிக்கும் டேங்க் தண்ணீரில் ஊற்றுவது. அது தண்ணீரோடு கலக்காது. கராம்பு எண்ணெயும் கறுவா இலை எண்ணெயும் தண்ணீரைவிடக் கனம், அடியில் தங்கும். அடியிலுள்ளதுதான் முதலில் வெளியே வரும் என்பதால் முதல் பாத்தி கருகும், மற்றதற்கு வெறும் தண்ணீர்தான். சிட்ரோனெல்லா என்ற வாசனைப் புல்லின் எண்ணெய் மிதக்கும், அதில் கருகுவது கடைசிப் பாத்தி. முதலில் எண்ணெயை மென்மையான சவர்க்காரக் கரைசலில் விட்டு, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் சேர்த்து, பால் மாதிரி வெளுக்கும்வரை குலுக்குங்கள். அப்புறம் டேங்கில் ஊற்றுங்கள். அடிக்கும்போதும் இடையிடையே டேங்கைக் குலுக்க வேண்டும். லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் எண்ணெயைத் தாண்ட வேண்டாம். அதையும் முதலில் நாலைந்து கன்றில் மட்டும் அடித்து, இரண்டு நாள் பொறுத்து இலையைப் பாருங்கள்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் இலை கருகும். கந்தப்பளை, நுவரெலியாப் பக்கம் காலையில் இலையெல்லாம் பனி. மருந்து வழிந்து போகும். மழையில்லாத பின்னேரம்தான் சரி. தேனீக்களும் அப்போது அடங்கியிருக்கும், பூத்த போஞ்சிக்கு இது அவசியம்.

வாசனை எண்ணெய் சீக்கிரம் ஆவியாகிவிடும். அதனால் பூச்சி வருமுன் அடித்து வைப்பது வீண். பூச்சியின் மேல் பட்டால்தான் வேலை செய்யும். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு இலையின் அடிப்பக்கம் இருக்கும், அங்கே படும்படி அடியுங்கள். குருத்துக்குள் போய்விட்ட புழுவை மருந்து எட்டாது. மிஞ்சிய முட்டைகள் பொரிக்கும் என்பதால் ஒரு வாரத்துக்குள் திரும்பப் பாருங்கள்.

வேப்பெண்ணெயையும் இதோடு சேர்த்து எண்ணுகிறார்கள். அது விதையைப் பிழிந்து எடுப்பது, இப்படி ஆவியாகாது. அதிலுள்ள அசாடிராக்டின் புழு தோலுரித்து வளர்வதைத் தடுக்கும். அடித்த அன்றே புழு சாகவில்லை என்று மறுநாளும் அடிக்காதீர்கள்.

கலக்கும்போது கையுறை போடுங்கள், கண்ணில் படாமல் பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் போத்தல் இந்த எண்ணெய்களில் இளகிப்போகும். நிறக் கண்ணாடிப் போத்தலில், பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.