லேபிள் இல்லாத நார்வே ராக் பேண்டு நாடு மாறும்போது செய்யக்கூடாதவை

நார்வேயில் ஒரு ராக் பேண்டு எந்த லேபிளோடும் (பாட்டுகளை வெளியிடும் இசை நிறுவனம்) ஒப்பந்தம் இல்லாமல் சொந்தக் காசில் சில பாட்டுகளை வெளியிட்டு, ஒஸ்லோ, பெர்கன், ட்ரொண்ட்ஹைம் என்று எல்லா கிளப்பிலும் வாசித்து முடித்ததும், பெர்லினுக்கோ லண்டனுக்கோ போய்விடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மொத்த மக்கள்தொகையே சுமார் 56 லட்சம்தான், ஊருக்கு ஊர் தூரமும் அதிகம், அதனால் அந்த எண்ணத்தில் தப்பே இல்லை. ஆனால் ஒப்பந்தம் உள்ள பேண்டுக்கு விசா, சுங்கம், ராயல்டி இதையெல்லாம் பார்க்க லேபிளிலோ மேனேஜரிடமோ ஆள் இருக்கும். இவர்களுக்கு இல்லை. அந்த வேலையை நம்மில் யார் பார்ப்பது என்று முடிவு செய்யாமல் கிளம்புவதுதான் முதல் தவறு.

எல்லோரும் முன்னுதாரணமாகக் காட்டுவது ஆ-ஹா என்ற நார்வே பேண்டை. அவர்கள் வாசித்தது ராக் இல்லை, சின்த் பாப், ஆனாலும் கையில் ஒப்பந்தம் இல்லாமல் லண்டன் போய் ஜெயித்தவர்கள் என்றால் அவர்கள்தானே. அந்தக் கதையைப் பாதியோடு நிறுத்திவிடக் கூடாது. 1982இல் போல் வோக்டாரும் மக்னே ஃபூருஹோல்மனும் பாடகர் இல்லாமல் லண்டன் போனார்கள், ஒன்றும் நடக்காமல் ஊர் திரும்பினார்கள். அப்புறம் மோர்ட்டன் ஹார்கெட்டைச் சேர்த்துக்கொண்டு, நேர்ஸ்னெஸ் என்ற ஊரில் வோக்டாரின் பெற்றோருக்கு இருந்த ஒரு குடிலில் உட்கார்ந்து பாட்டுகளை எழுதிப் பதிவு செய்துகொண்டு, 1983 ஜனவரியில் மறுபடி போனார்கள். வார்னர் லேபிளின் ஒப்பந்தம் கிடைத்தது அந்த ஆண்டு இறுதியில். அதற்குப் பிறகும் 'டேக் ஆன் மீ' என்ற பாட்டு 1984இல் வெளியாகிப் படுத்துவிட்டது, 1985இல் புதிதாகப் பதிவு செய்து புதிய வீடியோவோடு வந்த பிறகுதான் அமெரிக்காவில் முதலிடம். முதல் தடவை போனபோதும் அதே லண்டன்தான், பாடகரும் முடிந்த பாட்டுகளும்தான் இல்லை. டிரம்ஸ் வாசிப்பவர் படிப்பை முடித்துவிட்டு அடுத்த வருஷம் வந்துவிடுவார், பாட்டை அங்கே போய் எழுதிக்கொள்ளலாம் என்று கிளம்பும் பேண்டுகளைப் பார்த்தால் எனக்கு நிஜமாகவே கவலையாக இருக்கிறது.

ஊரைத் தேர்வு செய்யும்போது இசையை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பதால் ஜெர்மனியில் குடியேறி வேலை செய்ய விசா தேவையில்லை. லண்டன் 2021 ஜனவரிக்குப் பிறகு அப்படி இல்லை, அங்கே தங்கி வேலை செய்ய விசா வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ் இன்னும் கடினம். விசா இல்லாமல் சுற்றிப்பார்க்கப் போவோருக்கான எஸ்டா அனுமதியில் போய்க் காசுக்கு வாசிக்க முடியாது. இசைக்குழுக்களுக்கான பி-1 (P-1) விசாவுக்கு, பேண்டுக்கு உலக அளவில் பெயர் இருக்க வேண்டும், உறுப்பினர்களில் 75 சதவீதம் பேராவது குறைந்தது ஓராண்டு அதில் இருந்திருக்க வேண்டும், விண்ணப்பத்தையும் அமெரிக்காவில் உள்ள முதலாளியோ ஏஜெண்டோதான் போட வேண்டும். லேபிள் இல்லாதவர்களுக்காக அதை யார் போடுவார்கள்?

சரி, பெர்லின் என்றே வைத்துக்கொள்வோம். வேனில் டிரம்ஸ், ஆம்ப், கிட்டார் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒஸ்லோவில் ஃபெர்ரி ஏறினால் சுமார் 20 மணி நேரத்தில் ஜெர்மனியின் கீல் துறைமுகம் வந்துவிடும். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஆட்கள் போக விசா வேண்டாம் என்பதால் சாமானுக்கும் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்து, சுங்கத்தில் எதையும் சொல்லாமல், அறிவிக்க ஒன்றும் இல்லாதவர்களுக்கான பச்சை வழியில் ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள். நார்வே ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே இருக்கிறது, ஸ்வீடன் வழியாகப் போனாலும் இதே கதைதான். குடிபெயர்வோரின் சொந்தச் சாமானுக்கு வரிவிலக்கு உண்டு, தொழிலுக்கான கையடக்கக் கருவிகளும் அதில் சேரும். ஆனால் நீங்கள் குறைந்தது 12 மாதம் ஒன்றியத்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும், பொருளைக் குறைந்தது 6 மாதமாவது வைத்துப் பயன்படுத்தியிருக்க வேண்டும், கொண்டுவந்த பிறகு 12 மாதத்துக்கு விற்கவோ இரவல் கொடுக்கவோ கூடாது. கிளம்பும் வாரம் ஆசையாகப் புது ஆம்ப் வாங்கினால் அதற்கு விலக்கு இல்லை. விற்பதற்காக எடுத்துப்போகும் டி-ஷர்ட்டும் வினைல் இசைத்தட்டும் சரக்குக் கணக்கில்தான் வரும், ஜெர்மனியில் இறக்குமதி வாட் வரி பொதுவாக 19 சதவீதம். அவற்றைப் போகும் ஊரிலேயே அச்சடிப்பது நல்லது. கருவிகளுக்கு வரிசை எண், வாங்கிய ரசீது, புகைப்படத்தோடு பட்டியல் போட்டுக் கையில் வைத்திருங்கள்.

போய் இறங்கியதும் வீட்டு முகவரியை இரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும், அது இல்லாமல் வரி எண்ணும் வராது, மற்ற வேலைகளும் நகராது. நண்பர் வீட்டு சோஃபாவில் மாதக்கணக்கில் இருப்பது இதனால்தான் ஆபத்து. மருத்துவக் காப்பீட்டிலும் கோட்டை விடுகிறார்கள். நார்வேயில் வாங்கிய ஐரோப்பிய மருத்துவ அட்டை தற்காலிகமாகப் போய் வருவோருக்கானது, குடியேறுபவருக்கு இல்லை. ஜெர்மனியில் கலைஞர்களுக்கென்றே க்யூன்ஸ்ட்லர்சோட்சியால்காஸே என்ற அமைப்பு இருக்கிறது, அதில் சேர்ந்தால் காப்பீட்டுத் தொகையில் பாதியை மட்டும் நீங்கள் கட்டினால் போதும். ஆண்டுக்குக் குறைந்தது 3,900 யூரோ கலையில் சம்பாதிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் தொழில் தொடங்கும் முதல் மூன்று ஆண்டுகளுக்குத் தளர்த்துகிறார்கள். எவ்வளவு நல்ல ஏற்பாடு! பேண்டு மொத்தத்துக்கும் சேர்த்து அல்ல, ஒவ்வொருவரும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

ராயல்டி விஷயத்தில் அவசரப்பட்டு, பாட்டு எழுதியவர்களுக்குப் பணம் வசூலித்துத் தரும் நார்வே அமைப்பான டோனோவை விட்டு அதே வேலையைச் செய்யும் ஜெர்மன் அமைப்பான கெமாவுக்கு மாற வேண்டியதில்லை, இரண்டுக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கிறது. வாசித்த பாட்டுகளின் பட்டியலை மட்டும் ஒவ்வொரு கச்சேரிக்குப் பிறகும் ஒழுங்காகப் பதிவு செய்யுங்கள். கிராமோ என்ற நார்வே அமைப்பையும் மறக்கவே கூடாது: அது ஒலிப்பதிவில் வாசித்தவர்களுக்கும் ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் தனித்தனியாகப் பணம் தரும். லேபிள் இல்லாத பேண்டு என்றால் இரண்டு பங்கும் உங்களுடையதுதான், ஆனால் இரண்டிலும் பெயர் பதிந்திருந்தால்தான் கைக்கு வரும்.

ஊரோடு தொடர்பை அறுத்துவிடுவதும் தவறு. பாட்டுகளை நார்வே அரசு ஒலிபரப்பான என்ஆர்கேயின் பி3 வானொலி, புது பேண்டுகளுக்காக நடத்தும் உரோர்ட்டில் ஏற்றிக்கொண்டே இருங்கள், கோடை விழாக்களுக்கும் வந்து வாசியுங்கள். நார்வே இசையை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக உதவும் மியூசிக் நார்வே அமைப்பின் பயண உதவிக்கு வெளிநாட்டில் வசிக்கும் பேண்டு தகுதி பெறுமா என்று கிளம்பும் முன்பே கேட்டுவிடுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருக்கப்போகிறீர்கள் என்றால் மக்கள் பதிவேட்டிலும் சொல்ல வேண்டும், ஆனால் அதனால் மட்டும் நார்வே வரிப் பொறுப்பு முடிந்துவிடாது. ஓர் ஆண்டில் 61 நாளுக்கு மேல் நார்வேயில் தங்கக் கூடாது, அங்கே உங்களுக்கோ நெருங்கிய குடும்பத்தினருக்கோ வீடு இருக்கக் கூடாது, பத்தாண்டோ அதற்கு மேலோ அங்கே வாழ்ந்தவர் என்றால் இந்த இரண்டையும் தொடர்ந்து மூன்று ஆண்டு காட்ட வேண்டும். ஆகவே கோடையில் வாசிக்க வரும்போது, வந்த தேதியையும் போன தேதியையும் டிக்கெட்டோடு சேர்த்து எழுதி வையுங்கள்.